பச்சை விளக்கு எரிந்த வாரம்

என் தங்கப் பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். உடம்புக்கு இங்கே யாருக்கும் குறையில்லை. எனக்குத்தான் நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நீ கம்பெனிக்கே தலைவியானதை இன்னும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டதும், "தெரியும் பாட்டி, உங்க பேத்தி பெரிய ஆளு" என்று முந்திக்கொள்கிறார். அதற்காக நான் விட்டுவிடுவேனா?

ஆபீஸ் கட்டடமே வேண்டாம், எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்றாய். நல்ல காரியம். உன் அண்ணிக்குப் பஸ்ஸில் இடிபடுவது மிச்சம், குழந்தைக்கும் அம்மா கிடைத்தாள். ஆனால் கண்ணுக்கு எட்டாதவர்களை எப்படி நம்புவது என்ற பயம் உனக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு ஒன்று வைத்தாய். மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் அது மஞ்சளாகிவிடுமாம். மஞ்சள் அதிகமானால் வேலை போய்விடுமாம்.

போன மாதம் உன் அண்ணிக்குக் கடும் காய்ச்சல். லீவு கேளடி என்றேன். "நாத்தனார் கம்பெனின்னு சலுகை எடுக்கிறாள்னு பேசுவாங்க பாட்டி" என்றாள். மவுஸை என் கையில் கொடுத்து, "சும்மா அசைச்சுக்கிட்டே இருங்க, வேற எதையும் அமுக்கிடாதீங்க" என்று சொல்லிப் படுத்துவிட்டாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மேசை துடைப்பதுபோல வாரம் முழுக்க அசைத்தேன். ஒரு தடவைகூட மஞ்சளாகவில்லை. ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்றால் இளப்பமா?

அடுத்த வாரமே, எல்லோருக்கும் முன்மாதிரி என்று உன் அண்ணியைப் பாராட்டி எழுதினாய். படித்ததும் அவள் அழுதாள். சந்தோஷத்தில் அல்ல.

அந்த வாரம் அவள் வேலையையும் சேர்த்துச் செய்தவள், ஆபீசில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண். நாங்கள் வாயாடி என்போமே, அவள்தான். கோபத்தில் கத்திய வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகத் தன் போனில் கூப்பிட்டுப் பேசிச் சமாதானம் செய்தாள். போனில் பேசுகிறவளுக்கு மவுஸ் எப்படி அசையும்? விளக்கு மஞ்சளாகவே நின்றிருக்கிறது. நேற்று அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த உத்தரவுக்குக் கீழே உன் பெயர்.

அவளே எனக்குப் போன் செய்தாள். "உங்க பேத்திகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க பாட்டி, காய்ச்சல்ல கிடந்தவ வேலையும் போயிடும்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, உன் அண்ணிக்கு உடம்பு முழுக்கத் தேறிவிட்டதா என்று விசாரித்தாள்.

உன் அண்ணிக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். அவளைக் கோபிக்காதே. அசைத்தது என் கை. வாயாடியை நீயே கூப்பிட்டு, வேலைக்குத் திரும்பி வரச் சொல் கண்ணு. அந்த வாரம் என்ன வேலை செய்தாள் என்று ஒரு வார்த்தை கேள். நீ கேட்டாலே அவள் மனசு ஆறிவிடும்.

நீ இன்னும் உயர வேண்டும். உன்னிடம் வேலை செய்கிறவர்கள், காய்ச்சல் வந்தால் காய்ச்சல் என்று உன்னிடம் பயப்படாமல் சொல்ல வேண்டும். அந்த நாளைத் தெருவில் சொல்ல நான் காத்திருக்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
பாட்டி