ஐந்து வீட்டு முறுக்கு

என் ஆசை அம்மாவுக்கு,

அப்பா அடுத்த அறையில் படுத்திருக்கிறார். விளக்கைப் போட்டால் எழுந்து வந்துவிடுவார் என்பதால் போன் வெளிச்சத்தில், கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இதுவரை நான் எழுதிய கடிதமெல்லாம் நீ சொல்லச் சொல்ல அண்ணனுக்கு எழுதியவைதான். உனக்கென்று எழுதுவது இதுதான் முதல் தடவை.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அண்ணனுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. இது உனக்குத் தெரியுமா, அம்மா?

ஆவணியில் உனக்கு நெஞ்சு வலித்து, கோவில்பட்டிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துபோனது. அப்போது ஆப்பிரிக்காவில் அண்ணனுடைய அமைதிப்படை முகாமைச் சுற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. நான்கு நாள் போனே போகவில்லை. லைன் கிடைத்தபோது காடாற்றுச் சடங்கும் முடிந்திருந்தது. அப்பா போனைக் காதில் வைத்தபடி உன் சேலை கிடந்த கொடியையே பார்த்துக்கொண்டு, "அம்மா தூங்குதாப்பா" என்று சொல்லிவிட்டார்.

பிறகு என்னிடம், "துப்பாக்கியோட நிக்கிறவன்ட்ட இதச் சொன்னா அவன் கை நிக்குமாட்டி? தையில வந்துருவான். நேர்ல சொல்லிக்கிடுவோம்" என்றார். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு, யாரும் வாய்விடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கூப்பிடுவான். எடுத்தவுடன், "அம்மா எங்கட்டி?" என்றுதான் கேட்பான். கோயிலுக்குப் போயிருக்கா, தொண்டை கட்டியிருக்கு, தீப்பெட்டி ஆபீஸில் ஓவர்டைம். வாரம் ஒரு பொய். கடிதத்தையும் நான் நிறுத்தவில்லை. வழக்கம்போல நீ சொல்வதாகவே எழுதினேன். கடைசியில் நீயே எழுதுவாயே ஒரு வரி, 'நேரத்துக்குச் சாப்பிடு' என்று, அதையும் உன்னைப் போலவே கோணலாக எழுதினேன். இரண்டு கடிதம் அப்படிப் போயிருக்கிறது. நீ கோபப்படுவாயா?

அப்புறம் தீபாவளி வந்தது. வருஷா வருஷம் போகிற பார்சல் போகாவிட்டால் அவனுக்குச் சந்தேகம் வரும் என்றார் அப்பா. துக்கம் நடந்த நம் வீட்டில் இந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அதனால் கடம்பூர் அத்தை, சித்தி, பக்கத்து வீடு, எதிர் வீடு, தீப்பெட்டி ஆபீஸில் உன்னோடு குச்சி அடுக்கின ராசாத்தி அக்கா என்று ஐந்து வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. எல்லாவற்றிலும் முறுக்கு இருந்தது. ஒவ்வொன்றிலும் நாலைந்து எடுத்து உன் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினேன். கடலை மிட்டாயும் வைத்து, நீ தைக்கிற மாதிரியே வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்தேன். ஊர்ப் பெயரே இல்லாத, வெறும் எண்கள் மட்டும் உள்ள அந்தப் பட்டாளத்து முகவரியையும் எழுதினேன்.

தபாலாபீசில் இருந்தவர் பார்சலைக் குலுக்கிப் பார்த்தார். "கோவில்பட்டிப் பக்கத்துப் பார்சல்னாலே பயமா இருக்கும்மா. உள்ள தீப்பெட்டி கீப்பெட்டி வைக்கலையே?" என்றார்.

"முறுக்குதான் சார்."

"அப்ப அதுவும் வெடிக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நீ போன பிறகு அன்றைக்குத்தான் முதலில் சிரித்தேன்.

சாயங்காலம் அத்தை கேட்டாள். "எந்த முறுக்கைட்டி வச்ச?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வச்சேன் அத்த."

அத்தை வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஏட்டி, அவன் நம்ம ஊர்க்காரன்லா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்று எள் போட்டது, ஒன்று ஓமம் போட்டது, ஒன்று தடித்தது, ஒன்று கருகியது. எந்த வீட்டில் இப்படி ஐந்து கைப் பலகாரம் சேரும் என்று நம் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தாத்தா இறந்த வருஷம் அண்ணன், "நம்ம வீட்லதான் நிறைய முறுக்கு" என்று குதித்தானாமே. "இது சந்தோசப் பலகாரம் இல்லலே" என்று நீ அவன் தலையில் குட்டினதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயே. அவன் அதை மறப்பானா?

தபாலாபீசுக்கு ஓடினேன். பூட்டிக்கொண்டிருந்தார்கள். "தபால் பை மத்தியானமே போயிருச்சேம்மா" என்றார் அவர். போனதை எப்படித் திருப்பிக் கூப்பிடுவது? அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. இந்நேரம் டெல்லியில் இருக்கும், இந்நேரம் விமானத்தில் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருப்பேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு ஞாயிறு போனைப் பிடித்தேன். அப்பா எதிரிலேயே நின்றார். பழைய பொய்யையே சொல்லி வைத்துவிட்டேன்.

இன்றைக்கு அண்ணன் கூப்பிட்டான்.

"பார்சல் வந்துட்டுட்டி."

"முறுக்கு ஒடஞ்சிருச்சாண்ணே?"

"இல்ல. எல்லாம் முழுசா இருந்துச்சு." பிறகு அவனே கேட்டான்: "அப்பா மாத்திரை போடுதாவளா?"

"போடுதாவ."

"ராத்திரி தனியா படுக்காத. அத்தையக் கூட வந்து இருக்கச் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு, என்ன?"

அவ்வளவுதான். வைத்துவிட்டான். உன்னைக் கேட்கவே இல்லை, அம்மா.

அப்பாவுக்கு ஒரே நிம்மதி. "பாத்தியா, இன்னைக்கு அம்மாவத் தேடல. பழகிட்டான்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். அண்ணன் ஏன் தேடவில்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

அந்த டப்பாவைத் திறந்தபோது அவன் பக்கத்தில் யார் இருந்திருப்பார்கள்? அந்த ஊரில் அந்த முறுக்கைப் பார்த்து என்னவென்று புரிகிற ஆள் அவன் ஒருத்தன்தானே. அதன் பிறகும் காவலுக்குப் போய் நின்றிருப்பானா? நமக்காக அவனும் தெரியாத மாதிரி நடிக்கிறானே, அதை நான் எப்படித் தாங்குவேன்?

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி உன் கையெழுத்தைப் போட மாட்டேன். அடுத்த ஞாயிறு அப்பா முறைத்தாலும் போனை நான்தான் எடுப்பேன். "அண்ணே, அம்மா..." என்று தொடங்கிவிடுவேன். அதற்கு மேல் பேச்சு வராவிட்டாலும், அவன் அழுது முடிக்கிற வரைக்கும் போனை வைக்க மாட்டேன்.

உன் மகள், அவனுடைய தங்கச்சி,
மாரி