எல்லாம் சிவப்பு ஒயர்

ஜூன் 3, செவ்வாய்

தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டேன். என் வீட்டுக்காரன் டெல்மருக்கு முடி வெட்டிவிட்டேன். இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். இரண்டு நாளாக யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஞாயிறு சர்ச்சிலிருந்து திரும்பும்போது எங்கள் பழைய பச்சை வேகன் காரின் டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தது. நான்தான் ஓட்டினேன். கை நடுக்க நோய், பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னதிலிருந்து டெல்மர் ஓட்டுவதில்லை. முதலில் நாற்றம். பிறகு ரேடியோவுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு இழை. கோதுமை வயல் ஓரம் நிறுத்திச் சாவியை அணைத்தேன். புகை நிற்கவில்லை. இறங்கி அவன் பக்கம் ஓடினேன். பெல்ட்டைக் கழற்ற அவன் விரல்களால் முடியவில்லை. பொத்தானைத் தேடுகின்றன, தொடுகின்றன, வழுக்குகின்றன. நான் குனிந்து அழுத்தி, சட்டையோடு பிடித்து இழுத்து வெளியே போட்டேன். அதன் பிறகு பானட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன்.

தீ பிடிக்கவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

புல்லில் உட்கார்ந்தபடி அவன் சொன்ன முதல் வார்த்தை: "டேஷ்போர்டத் தொடாத. நான் பாத்துக்கறேன்."

எந்தக் கையை வைத்துக்கொண்டு? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

ட்ரூடி வந்தாள். அப்பன் போனில் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான். மகளிடம் மட்டும் அவனுக்கு ரகசியம் தங்காது.

"அம்மா, அந்த வண்டிய வித்துத் தொலை. கேலன் அங்கிள் உதிரி பாகத்துக்கு எடுத்துக்கறேங்கறார்."

கேலன் கோன் எங்கள் பழைய கார் கிளப்பின் தலைவன். வேகனின் கதவுகள் மேல் பத்து வருஷமாக அவனுக்குக் கண்.

"நான் சரி பண்றேன்" என்றேன்.

"நீயா?"

அந்த 'நீயா' இன்னும் காதில் இருக்கிறது. இருபத்தாறு வருஷம் விசிட்டாவில் விமானத் தொழிற்சாலையில் ஒயர் கட்டியவள் நான். ஒவ்வொரு ஒயருக்கும் எண். ஒவ்வொரு முடிச்சையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். வானத்தில் போகிறதுக்கு ஒயர் போட்டவளுக்கு ரோட்டில் போகிறதுக்குப் போடத் தெரியாதா? ஆனால் இந்த வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து ஒரே சட்டம்தான்: விமானம் உன்னோடது, கார் என்னோடது. நானும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கு என்னையே நாலு அறை அறையலாம்.

டெல்மர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வித்துரலாம்."

விற்கலாமாம்! நான் திறந்து பார்ப்பதைவிட விற்பது மேலாம்!

"பத்திரத்துல என் கையெழுத்தும் வேணும். போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். சத்தமாகவே கழுவினேன்.

ஜூன் 9, திங்கள்

முன் சீட்டைக் கழற்றினேன். டேஷ்போர்டின் அடித் தகட்டையும் கழற்றினேன். மல்லாக்கப் படுத்து விளக்கைப் பிடித்தால் —

என்ன சொல்ல? ஒரு வாளி நூடுல்ஸை யாரோ தலைகீழாகக் கவிழ்த்தது போல.

எல்லாம் சிவப்பு. ஹாரனுக்குச் சிவப்பு, விசிறிக்குச் சிவப்பு, ரேடியோவுக்குச் சிவப்பு, எதற்கும் போகாமல் நடுவில் தொங்கும் ஒன்றுக்கும் சிவப்பு. எப்போதோ ஒரு பெரிய சுருள் மலிவாகக் கிடைத்ததாம், தீரும்வரை போட்டிருக்கிறான். எர்த் ஒயர்கள் ஒன்பதும் ஒரே ஸ்க்ரூவில், அதுவும் மின்சாரம் போகாத பெயின்ட் மேல். ஒரு ஃபியூஸ் எரிந்துபோய், அதன் மேல் சூயிங்கம் வெள்ளித் தாளைச் சுற்றியிருக்கிறது. புகை வந்த இடமும் தெரிந்துவிட்டது. எஞ்சின் பக்கமிருந்து ஒயர் உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. தகடு தேய்த்துத் தேய்த்து ஒயரின் தோலை அறுத்துவிட்டது. அந்த ஒயருக்கு ஃபியூஸே கிடையாது. சாவியை அணைத்தும் புகை நிற்காததற்குக் காரணம் அதுதான்.

சர்ச்சில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றை இரண்டு முறை சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் கவலையில்லை.

ஜூன் 10, செவ்வாய்

டெல்மர் உப்பு எங்கே என்றுகூடக் கேட்காமல் உப்பில்லாமலே சாப்பிட்டு முடித்தான்.

ஜூன் 14, சனி

கேலன் டிரெய்லரோடு வந்து நின்றான். யார் கூப்பிட்டது? டெல்மர் ஜன்னலுக்குப் பின்னால் நின்றான். புரிந்தது.

"என்ன அம்மணி, வண்டியோட கொடல வெளிய எடுத்துப் போட்ருக்க?"

"உள்ள வைக்கத் தெரிஞ்சவதான் வெளிய எடுப்பா."

"இது ஏரோப்ளேன் இல்ல, லவான். தெரிஞ்ச ஆள வச்சுப் பண்ணு. இல்ல எங்கிட்டக் குடுத்துரு."

"ஏரோப்ளேனா இருந்தா ஒன்ன வேலிக்கு அந்தப் பக்கமே நிறுத்தியிருப்பாங்க."

அவன் முகம் சிவந்தது. செப்டம்பரில் கிளப் பயணம் உண்டு, அதற்கு முன் ஒவ்வொரு வண்டிக்கும் சோதனை உண்டு, சோதிப்பது தான்தான் என்றான். மிரட்டலா? மிரட்டல்தான்.

"வா. வந்து பாரு. நல்ல டார்ச்சா ஒண்ணு எடுத்துட்டு வா" என்றேன்.

வெறும் டிரெய்லர் நன்றாகக் கடகடத்துக்கொண்டு போயிற்று. ரொம்ப நாளைக்குப் பிறகு காதுக்கு இனிமையாக ஏதோ கேட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வெட்டி எடுத்ததையெல்லாம் பெரிய அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தேன். எதை எப்போது மாட்டினான் என்பது எனக்கு ஓரளவு ஞாபகம் இருக்கிறது. ரேடியோ ட்ரூடி பள்ளியில் படித்தபோது. பனிமூட்டத்தில் ஓட்டுவதற்கான பனி விளக்கு அவள் கல்யாண வருஷம். விசிறி, பிறகு போன் சார்ஜர். அந்த வரிசையிலேயே இணைப்புகளை வைத்துப் பார்த்தேன்.

பழையவை அழகு. ஈயம் வைத்து, நெல்மணி போல, மேலே உறை போட்டு. எங்கள் தொழிற்சாலையிலேயே தேறியிருக்கும். இந்த மனிதனுக்கா வேலை தெரியாது என்று நினைத்தேன்?

பனி விளக்கிலிருந்து மாறுகிறது. ஈயம் சொட்டுச் சொட்டாகச் சிந்தியிருக்கிறது. விசிறியில் ஈயமே இல்லை, வெறும் முறுக்கு. சார்ஜரில் முறுக்குகூட இல்லை. இரண்டு முனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டை விரல் தடிமனுக்கு டேப் சுற்றியிருக்கிறது.

டாக்டர் நோய்க்குப் பெயர் சொல்லி மூன்று வருஷம். ட்ரூடி கல்யாணம் ஆகி ஒன்பது.



ஜூன் 21, சனி

காலை காபி குடிக்கும்போது அந்தத் தடித்த டேப் உருண்டையை அவன் முன்னால் வைத்தேன்.

"எப்பலேர்ந்து?"

"அது சார்ஜருக்குப் போட்டது."

"எதுக்குன்னு கேக்கல. எப்பலேர்ந்து?"

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். காபி அப்படியும் சிந்தியது.

"ட்ரூடி கல்யாணத்துக்கு மின்னாடி. பனி வெளக்கு மாட்டும்போது. ஒயரோட ரெண்டு முனையும் சேரவே மாட்டேன்னுச்சு. குளிருன்னு நெனச்சேன். அப்புறம் வெயில் காலத்துலயும் சேரல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா டாக்டருகிட்டப் போலாம்னுவ. அவரு ஒரு பேரச் சொல்லிட்டா அதுதான்னு ஆயிரும்." பிறகு மெதுவாக, "நீ பாத்தா கண்டுபுடிச்சிருவன்னு தெரியும் லவான். மத்த எவனுக்கும் தெரியாது. நீ பாத்தா தெரிஞ்சிரும்."

அழுகை வந்தது. கோபமும் வந்தது. கோபத்துக்குத்தான் வாய் இருந்தது.

"அது தெரிஞ்சும் அந்த வண்டில என்ன ஒக்கார வச்ச. ஒன் மகள ஒக்கார வச்ச. அன்னிக்கு பெல்ட் கழண்டிருக்கலன்னா? நான் ஒன்ன விட்டுட்டு ஓடுவேன்னா நெனச்ச? ரெண்டு பேரும் வெந்திருப்போம்டா!"

"ஆமா" என்றான். அவ்வளவுதான். சமாதானம் சொல்லவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. இன்னும் இல்லை. ஆனால் வண்டியை விற்கவும் போவதில்லை. அவனைப் பொம்மை மாதிரி சோபாவில் உட்கார வைக்கவும் போவதில்லை.

"எந்திரி. அந்த அட்டைல பாதி ஒயர் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியல. வந்து சொல்லு. கை வேணாம், வாய் போதும்."

வந்தான். தலைகீழாகக் கவிழ்த்த பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்து, மதியம்வரை சொன்னான்.

ஜூலை 4, வெள்ளி

சுதந்திர தினம், தெருவெல்லாம் பட்டாசு. நான் ஆறு நிறத்தில் ஒயர் வாங்கி வந்ததைத் தரையில் பரப்பினேன். எனக்கு அதுவே வாணவேடிக்கை.

ஜூலை 17, வியாழன்

ஒட்டுப் பலகையில் வரைபடம் ஒட்டி, வளைவுக்கு வளைவு ஆணி அடித்து, தொழிற்சாலையில் செய்தது போலவே கட்டுகிறேன். ஒவ்வொரு பாதைக்கும் தனி ஃபியூஸ். எர்த்துக்குத் தகட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கி மூன்று இடம். மெழுகு நூலால் விரற்கடைக்கு ஒரு முடிச்சு. ஆள்காட்டி விரல் கிழிந்து ரத்தம். அறுபத்து நாலு வயசு முதுகு ராத்திரி நியாயம் கேட்கிறது. கேட்கட்டும்.

டெல்மர் இன்று சொன்னான்: "பிளாஸ்டிக் பட்டை போட்டு இழுத்தா அஞ்சு நிமிஷ வேல. நீ ஸ்வெட்டர் பின்றவ மாதிரி..."

"ஒனக்கு ஸ்வெட்டரும் பின்னத் தெரியாது. வாய மூடு."

சிரித்தான். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை.

ஆகஸ்ட் 2, சனி

இன்று மின்சாரம் கொடுத்தேன். நேரே கொடுக்கவில்லை. பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு பல்பைக் கட்டினேன். எங்காவது ஷார்ட் இருந்தால் ஒயர் எரியாது, பல்புதான் எரியும்.

எரிந்தது.

மங்கலாக, ஆனால் எரிந்தது.  இரண்டு மாத வேலை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். நாலாவதைப் பிடுங்கியதும் அணைந்தது. திருப்பிப் போட்டால் எரிகிறது. அந்தப் பாதையை விரலால் தடவிக்கொண்டே போனேன், ஒன்றுமில்லை. தலையைத் தகட்டில் முட்டிக்கொண்டேன். கேலனின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்து இளித்தது.

வாளி மேலிருந்து டெல்மர்: "லவான்."

"இப்பப் பேசாத."

"லவான். கதவச் சாத்து."

கதவு! கதவு திறந்திருந்தால் கூரை விளக்கு எரியும் அல்லவா! ஓங்கிச் சாத்தினேன். பல்பு அணைந்தது.

நான் காங்கிரீட் தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.  மாலைவரை அவன் முகத்தில் இருந்த பெருமையைத் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 6, சனி

சோதனை. கிளப் மைதானத்தில் முப்பது வண்டி. கேலன் எங்களுடையதைக் கடைசியாக வைத்தான், கூட்டம் சேரட்டும் என்று. சேர்ந்தது.

பெரிய டார்ச்தான் கொண்டு வந்திருந்தான். மல்லாக்கப் படுத்து உள்ளே நுழைந்தான். அவன் பூட்ஸ் மட்டும் வெளியே.  ஒரு முறை ஒயரை இழுத்துப் பார்க்கும் சத்தம். இழு, நன்றாக இழு.

வெளியே வந்து உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. டெல்மரிடம் கேட்டான்: "யாரு செஞ்சது இது?"

டெல்மர் அத்தனை பேர் முன்னால், கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்தான். வழக்கமாக ஒளித்து வைப்பான். எடுத்து, அது ஆடுகிறபடி ஆட விட்டான்.

"இதால நான் செஞ்சது கொஞ்சம் இருந்துச்சு. ஆள எரிக்கப் பாத்துச்சு. எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சது அவ. இதச் செஞ்சதும் அவ. கேள்வி இருந்தா அவகிட்டக் கேளு."

கேலன் என் பக்கம் திரும்பினான். ஒரு கேள்விதான் கேட்டான். அந்த மெழுகு நூல் எங்கே கிடைக்கும் என்று.

செப்டம்பர் 13, சனி

கிளப் பயணம். புல் மூடிய குன்றுகள் வழியாக நூற்றிருபது மைல். ட்ரூடி தானாகவே பின் சீட்டில் ஏறினாள். நான் கூப்பிடவில்லை. பாதி வழியில் முன்னால் எட்டி ரேடியோ போட்டாள்.

ஞாயிறு சர்ச்சுக்கு வேறு வண்டியில் போகலாமா என்று டெல்மர் கேட்டான். இதிலேதான் என்றேன்.

அக்டோபர் 11, சனி

காலையில் போன். டெல்மர் எடுத்தான். நியூட்டன் ஊரிலிருந்து யாரோ, பழைய பிக்கப் வண்டி, முன் விளக்கு போட்டால் ஹாரன் அடிக்கிறதாம். ஒயர் வேலைக்கு என்னைத் தேடி இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். வரச்சொல்லிவிட்டு அடுக்களைக்கு வந்து, வியாழக்கிழமை என்று தட்டுத்தடுமாறி நாட்காட்டியில் எழுதினான். எழுத்து கோணல். என்னால் படிக்க முடிகிறது.

"ஆம்பளக் குரலா இருந்தா நல்லாருக்கும்னு என்னப் பேசச் சொன்னியா?" என்றான்.

"ஒன்ன யாரு பேசச் சொன்னா? நீயாத்தான் ஓடிப்போய் எடுத்த."

"மெக்கானிக் இருக்காரான்னு கேட்டான். இருக்கா, கோவக்காரின்னேன்."

மதியம் கறியும் முட்டைக்கோஸும் திணித்த பன்களை அவனே அடுப்பில் வைத்துச் சுட்டான். இரண்டு கருகிவிட்டன. அந்த இரண்டையும் அவன் தட்டில் வைத்துக்கொண்டு, நல்லதை என் பக்கம் தள்ளினான்.