பவுடர் எங்கே என்று கேட்டு வந்தவர்கள்

கொட்டாஞ்சேனை,
14.09.1998

அன்புள்ள மகன் சிவபாலன் அறிவது,

நானும் அம்மாவும் நல்ல சுகம். உன் சுகத்தை அம்மா காலையும் மாலையும் முத்துமாரியம்மனிடம் விசாரிப்பதால் நான் தனியாகக் கேட்கவில்லை. டிசம்பரில் லீவு கிடைக்கும், வரட்டோ என்று கேட்டிருந்தாய். அம்மா அன்றைக்கே கலண்டரில் நாள் வெட்டத் தொடங்கிவிட்டா. என் முடிவைச் சொல்ல முதல் போன கிழமை இங்கே நடந்த கூத்தைக் கேள். சவுந்தரநாயகம் அண்ணர் ரொறன்ரோ வருகிறார், கடிதம் அவர் கையில் வருவதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பழைய சோனகத் தெரு இரும்புக்கடை ஹுசைன் ஹாஜியார் யப்பான் வான் ஒன்று எடுத்திருக்கிறார். முன்னுக்குக் கறுப்புப் பவுடர் பூச்சோடு ஒரு காவல் கம்பி, அதில் இரண்டு லைற் பூட்டத் தகடு ஒட்ட வேண்டுமாம். "கறுப்புல ஒரு கீறலும் விழப்படாது, வெள்ளிக்கிழமை எனக்கு வேணும்" என்று கம்பியைக் கழற்றி என் வெல்டிங் பட்டறையில் வைத்துவிட்டுப் போனார். நானும் ரோசத்தில் ஓம் என்றுவிட்டேன். சும்மா பெயின்ற் என்றால் எனக்கென்ன பயம், இது தூவி அடுப்பில் வேகவைத்த பூச்சு, கருகினால் தொட்டுப் பூசி ஏமாற்ற முடியாது. நீ அங்கே அந்த வேலைதானே செய்கிறாய் என்றுதான் சந்தியில் போன் எடுக்கிற கொமினிகேசன் கடைக்கு ஓடிப்போய் உனக்கு எடுத்தேன். லைன் கரகரத்தது, நான் கத்தினேன். நீ சொன்ன பதில் எனக்கு மட்டும் கேட்டது, என் கேள்வி கியூவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. "பவுடரை எவ்வளவு சுரண்ட வேணும்? சூடு ஏறினா எவ்வளவு தூரம் எரியும்? புகை நஞ்சோ? வெள்ளிக்கிழமைக்கிடையில ஹாஜியாரின்ர வானில பூட்ட வேணுமடா!" இந்தக் காலத்தில், ஒரு தமிழன், வெளிநாட்டுக்கு! என் வாயை நான்தான் மெச்ச வேண்டும்.

நீ சொன்னபடியே செய்தேன். ஒட்டுகிற இடத்தைச் சுற்றி ஒரு அங்குலம் வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, கரண்ட் ஓட எர்த் கிளிப் கடிக்க அடிப்பக்கத்தில் இன்னொரு இடம் சுரண்டி, பக்கத்துப் பூச்சுக்கு ஈரத்துணி சுற்றி, பொட்டுப் பொட்டாக வைத்து ஆறவிட்டு, திரும்பவும் வைத்து ஆறவிட்டு. முதல் தகடு அச்சொட்டாக வந்தது. இரண்டாவது தகட்டின் கடைசிப் பொட்டில் நிற்கும்போது பின்னுக்கு "பவுடர் கோ?" என்று ஒரு அதட்டல். மாஸ்க்கைத் தூக்கினால் ஒரு பொலிஸ் சார்ஜனும் துவக்கோடு இரண்டு பேரும், பவுடர் எங்கே என்று சிங்களத்தில் கேட்டபடி. கியூவில் நின்ற யாரோ குண்டு மருந்தாக்கும் என்று போய்ச் சொல்லிவிட்டார்கள். திரும்பின வேகத்தில் வெல்டிங் கம்பி விலகி, கறுப்பில் பெருவிரல் அளவு கருக்கிவிட்டேன். உன் அம்மா வீட்டுக்குள் ஓடி, தன் முகப்பவுடர் டின்னைக் கொண்டுவந்து சார்ஜனிடம் நீட்டினா. மணந்தான், தும்மினான், கோபம் இரட்டிப்பாகிவிட்டது. நான் கிளிப்பைக் கழற்றிப் பூச்சின் மேலேயே கடிக்கவிட்டு, வெல்டிங் கம்பியால் தட்டிக் காட்டினேன், ஒரு பொறியும் இல்லை. "பாருங்கோ மாத்தயா, இந்தப் பவுடர் இருக்குமட்டும் நெருப்பே பத்தாது" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பிறகு சுரண்டின இடத்தில் கடிக்கவிட்டுத் தட்ட, படீரென்று வெளிச்சம். மூன்று பேரும் நிலத்தில்! எழும்பி உடுப்பைத் தட்டிக்கொண்டு சிரிசிரியென்று சிரித்தார்கள். கருகின இடத்தின் மேல் 786 ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினேன், ஹாஜியார் கண்டுவிட்டு "ரத்தினம், நீங்க நம்மட ஆள்" என்று தோளில் தட்டினார். ஸ்டிக்கர் உரியும் நாளில் நான் ஊரில் இருக்க மாட்டேன்.

ஆனால் மகன், போகும்போது சார்ஜன் கொப்பியை விரித்து வீட்டில் யார் யார் என்று எழுதினான். ஒரு மகன் என்றேன். வயது? இருபத்தாறு. அவ்வளவுதான், சிரிப்பு நின்றுவிட்டது. கனடாவில் என்று சொல்லி, நீ அனுப்பின படத்தைக் காட்டின பிறகுதான் கொப்பியை மூடினான். அறுபது வயதுக் கிழவன் என்றபடியால் எல்லாம் பகிடியாய் முடிந்தது. அந்த மாஸ்க்குக்குள் நீ இருந்திருந்தால் நான் இன்றைக்கும் பொலிஸ் வாசலில் நின்றிருப்பேன். உன்னைப் பார்க்க எனக்கும் ஆசை, நெஞ்சு வலிக்கிற அளவு ஆசை. டிசம்பரில் வராதே, ராசா.

புகையை இழுக்காமல் மாஸ்க் போட்டு வேலை செய், நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாளாச்சி உன்னைக் குறையில்லாமல் வைத்திருப்பா. மறக்காதே, லீவு தரமாட்டோம் என்றுவிட்டார்கள் என்று அம்மாவுக்கு உன் கையால் எழுது. நான்தான் மறித்தேன் என்று தெரிந்தால் அவ என்னோடு கதைக்கவே மாட்டா.

உன் அப்பா,
இரத்தினசிங்கம்