‘பிளேம்’ என்ற சொல்லும் அக்கா மகளும்

ஜூன் 12, வியாழன். திண்டிவனம்.

ஒன்றரை அறை சாம்ராஜ்யத்தின் மன்னனும் ஒரே குடிமகனுமாகிய நான், இன்று விழுப்புரம் அக்கா வீட்டில் தோற்றுத் திரும்பினேன்.

போன மாதம் அக்கா மகள் கமலியைப் பெண் பார்க்க வளவனூரிலிருந்து வந்தவர்களிடம், பனமலை ஏரியே எங்கள் குடும்பச் சொத்து என்று அளந்துவிட்டேன். விசாரித்திருக்கிறார்கள். இருப்பது வேர்க்கடலை போடும் அரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை. பொய் சொல்லும் குடும்பம் என்று சம்பந்தத்தை விட்டுவிட்டார்கள்.

அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “எல்லாம் உன்னாலதான்டா.”

நான் சும்மா இருந்திருக்கலாம். பஸ்ஸில் போனைப் பார்த்துச் சேர்த்து வைத்ததை எடுத்துவிட்டேன். “இங்கிலீஷ்ல பழி போடறதுக்கு பிளேம்னு பேரு, அக்கா. சாமியத் திட்டறதுக்கு பிளாஸ்ஃபெமி. ரெண்டுமே ஒரே கிரேக்க வேர்ல பொறந்தது. என்னைப் பழிச்சா தெய்வக் குத்தம்.”

“இதைத் தேடிக்கினு வந்தியா? தப்பு என்னுதுன்னு சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கலயா?” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள்.

கமலி நான் எது சொன்னாலும் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. நான் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். “மாமா, எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சு.”

குற்றம் சாட்டுவதற்கு இங்கிலீஷில் அக்யூஸ்; அதன் லத்தீன் வேருக்கு வழக்குக்கு இழுப்பது என்று அர்த்தமாம். அவள் இழுக்கவே இல்லை. இழுத்திருந்தால் வாதாடியிருப்பேன்.

காலையில் வளவனூர் போய் அந்தப் பையனின் அப்பாவைப் பார்க்க வேண்டும். பொய் சொன்னது குடும்பம் இல்லை, நான் ஒருத்தன்தான் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர் நம்ப வேண்டுமே.