பன்னீர்ச் செம்புக்காக ஓரடி

ஐப்பசி 10, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஆறு செம்மண் நிறத்தில். துவரம்பருப்பு, டார்ச் செல், பிரஷர் மாத்திரை என்று மனைவி எழுதித் தந்த சீட்டு சட்டைப் பையிலேயே நனைந்து கூழ். எதுவும் வாங்கவில்லை. பாளையங்கோட்டை சரித்திரத்திலேயே முதல்முறையாக இரண்டு சக்கரவர்த்திகள் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கும் நாளில் பருப்பாவது ஒன்றாவது.

சென்னையிலிருந்து வாடகைக்கு வந்தவை. இரண்டும் மீடியம் ஃபார்மேட் டிஜிட்டல் கேமரா. நம் பழைய கேமராவின் சென்சார் தபால்தலை என்றால் இதுகளுடையது கல்யாணப் பத்திரிகை. சனிக்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குள் எது நமக்கு என்று முடிவு.

காரணம்: சென்னைக் கண்காட்சிக்காரர்கள். பத்தமடைப் பாய்களைச் சுவர் உயரத்துக்கு அச்சடிக்கப் போகிறார்களாம். நம் பழைய கேமராவின் படம் அந்த அளவுக்கு ஊதினால் தாங்காதாம். எழுதியே அனுப்பிவிட்டார்கள். முப்பது வருஷமாக இந்த ஜில்லாவின் மாப்பிள்ளைகளை எல்லாம் மன்மதனாக்கிக் காட்டியவனுக்கு இப்படி ஒரு கடிதம். கிழித்துப் போடவில்லை. வேலை வேண்டுமே.

கம்பெனிப் பெயர்கள் என் நாக்குக்குச் சரிப்படவில்லை. ஒன்றுக்கு யானை, மற்றதுக்கு மாடு.

யானை: பட்டத்து யானை. மேனி வழவழ. பொத்தான்கள் கொஞ்சம்தான். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே, அதனால் உச்சி வெயிலிலும் ஃப்ளாஷ் அடித்துச் சூரியனை மட்டுப்படுத்தலாம். நிறம், அடடா. எழுந்திருக்கத்தான் தாமதம். எழுப்பிவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம்.

மாடு: வண்டி மாடு. உடம்பெல்லாம் பொத்தான். தொட்டால் ஓடும். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். லென்ஸ் விலை மலிவு. அழகு கிடையாது.

என் தங்கை மகன் முத்தையா (இனி மு.) ஸ்டூடியோவில் பாதிப் பங்கு, என் மீது முழுப் பங்கு சந்தேகம். அவன் மாடு கட்சி.

"மாமா, யானையக் கட்டித் தீனி போட நம்மகிட்ட என்ன சமஸ்தானமா இருக்கு?"

"ஏலே, யானை படுத்தாலும் குதிரை மட்டம்."

"குதிரை யாரு கேட்டா? மாடுதான கேக்கேன்."

பதில் உடனே வரவில்லை. சாயங்காலம்தான் வந்தது. அதற்குள் அவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஐப்பசி 11, செவ்வாய்

மழை இல்லை, வெக்கை. முழங்கால் வலி.

மதியம் ஆற்றங்கரை மண்டபத்தில் சோதனை. யானையும் ஃப்ளாஷுமாகச் சூரியனை அமுக்கினேன். பகல் ஒரு மணி வானம் படத்தில் ஊதாப்பூ நிறம். துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பேர் கை தட்டினார்கள். (ஒருவர் ஈரத் துணியைத்தான் தட்டினார். மு. சொல்லுகிறான். பொறாமை.)

யானை கண் விழிப்பதற்குள் ஒரு கொக்கு பறந்து போய், குடித்தனம் நடத்தி, குஞ்சு பொரித்து, குஞ்சும் பறந்துவிட்டது. மாடு அந்தக் கொக்கைப் பன்னிரண்டு படம் எடுத்தது. பன்னிரண்டிலும் கண் தெளிவு.

"பாய் பறக்குமால?" என்று மு.விடம் கேட்டேன்.

"பாய் பறக்காது. நீங்கதான் பறக்கிய."

நாளை பத்தமடை. மைமூன் பீவி வீடு. போய் ஒரு வருஷத்துக்கு மேல்.

போகாததற்குக் காரணம் எழுதவில்லை இதுவரை. எழுதுகிறேன். மைமூனும் அவள் தங்கை ரஜியாவும் ஒரே வீட்டில் நெசவு. அக்கா தறியில், தங்கை சாயத்தில். கோரையை மயிரிழையாக வகிர்ந்து நெய்வது. மடித்தால் கைக்குட்டை போல அடங்கும். போன வருஷம் சென்னையில் ஒரு கல்யாண வீட்டார் மணமக்கள் பெயர் நெய்த பாய் கேட்டிருந்தார்கள். படம் எடுத்து அனுப்பியது நான். படத்தைப் பார்த்துவிட்டு, சிவப்புச் சாயம் அலை அலையாகத் திட்டு விழுந்திருக்கிறது, மணப்பாய்க்கு ஆகாது, அபசகுனம், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெயர் நெய்த பாயை வேறு யார் வாங்குவார்? ரஜியா சாயம் சுத்தம் என்று சத்தியம் செய்தாள். பாயில் திட்டு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. என்னைக் கேட்டார்கள். தெருவே நின்றது. நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "மிஷினுக்கு ஓரவஞ்சனை கிடையாதும்மா. கண்ணு பொய் சொல்லும், கேமரா சொல்லாது. சாயம்தான்."

ரஜியா அந்த வாரமே வீட்டை விட்டுப் போய்விட்டாள். மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறாள் என்று கேள்வி.

நல்ல வசனம் என்று அப்போது பட்டது. இரண்டு பேரிடம் திருப்பிச் சொல்லியும் காட்டினேன்.

ஐப்பசி 12, புதன்

மூட்டம். பத்தமடை போய் வந்தது. முன்னீர்பள்ளம் தாண்டி ரோடு குண்டும் குழியும். இரண்டு சக்கரவர்த்திகளையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

மைமூன் இளைத்திருக்கிறாள். "வாங்க அண்ணாச்சி. வழி தெரிஞ்சுதா?" என்றாள். அவ்வளவுதான். சாயம் இப்போது அவளே போடுகிறாளாம். தறியில் இருந்த பாயின் சிவப்பு, பழைய செங்கல் நிறம்.

இருப்பதில் நயமான பாய் அந்த மணப்பாய்தான். பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்து விரித்துவிட்டு, தேநீர் போட அடுக்களைக்குப் போனாள். 'செல்வி – பிரபு', நடுவில் ஒரு பூ. அந்தக் கல்யாணம் முடிந்து பிள்ளையே பிறந்திருக்கும்.

யானையில் எடுத்தோம். லேப்டாப்பில் பெரிதாக்கினோம். சாயத்தில் ஒரு திட்டு இல்லை. குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல ஒரே சீர்.

"பாத்தியால? யானைன்னா யானைதான்" என்றேன். மாட்டில் எடுத்தோம். அதிலும் இல்லை. எனக்குச் சப்பென்று போயிற்று. அந்த நேரத்தில் அதுதான் என் கவலை. இங்கே அதைக் குறித்து வைக்கிறேன்.

மு. காருக்குப் போய்ப் பழைய கேமராவை எடுத்துவந்தான். போன வருஷம் ஸ்டாண்ட் நின்ற இடம் எனக்கு நன்றாக நினைவு. வாசல்படிக்கு ஒரு சாண் உள்ளே. அங்கேயே வைத்து எடுத்தான். படத்தில் சிவப்பு முழுக்க ரோஸும் பச்சையுமாக அலை.

ஸ்டாண்டை ஓரடி முன்னால் தள்ளினான். எடுத்தான். அலை இல்லை.

பிறகு யானையைத் தெருவரை பின்னுக்குக் கொண்டுபோய் எடுத்தான். அலை. மாட்டையும். அலை.

யானையும் பொய் சொல்லிற்று, மாடும் பொய் சொல்லிற்று.

பாயின் இழையும் சென்சாரின் கட்டமும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் விழுந்தால் இல்லாத அலை ஒன்று எழும். இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று பிடித்தால் தெரியுமே, அதுதான்.

மு. பைய, அடுக்களைக்குக் கேட்காமல்: "மாமா, மாப்பிள்ள கோட்டுத் துணில இந்த அலை வந்தா நீங்கதான மொதல்ல கண்டுபிடிப்பிய. எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான?"

ஆமாம். கோட்டில் வந்தால் தெரியும். பாயில் வந்தபோது தெரியவில்லை. தெருவே நின்று என் வாயைப் பார்த்தது. நான் பாயைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஏன் அந்த ஓரடி பின்னால் நின்றேன் என்பதும் ஞாபகம் வந்துவிட்டது. மாடத்தில் ஒரு பித்தளைப் பன்னீர்ச் செம்பு. அதுவும் படத்தில் வந்தால் ராஜகளை என்று, பாய் மட்டும் போதும் என்று சொன்ன ரஜியாவையே விலகி நிற்கச் சொல்லி, பின்னால் போனேன்.

மைமூன் தேநீர் கொண்டுவந்தாள். இஞ்சி தட்டிப் போட்டது. குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். அலை விஷயத்தை அவளிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பருப்பு மறந்தது, மூன்றாம் நாள்.

ஐப்பசி 13, வியாழன்

மழை. மு. காலையிலேயே: "யானையா மாடான்னு இன்னைக்குச் சொல்லணும் மாமா."

"காரை எடு."

"எங்க?"

"பத்தமடை."

வழி முழுக்க ஒரு சொற்பொழிவு தயார் செய்தேன். விஞ்ஞானம், விதி, ஒளியின் மாயம், மகான்களும் தவறியிருக்கிறார்கள், இத்யாதி. மைமூன் முன்னால் இரண்டு படங்களையும் வைத்ததும் சொற்பொழிவு செத்தது. "இது ஓரடி முன்னால. இது பின்னால. சாயத்துல ஒண்ணுமில்லம்மா" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

அவள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"அவ அல்லா மேல ஆணையாச் சொன்னா அண்ணாச்சி. கூடப் பொறந்தவ. நான் அவள நம்பல. ஒங்க மிஷினை நம்புனேன்."

பிறகு, "நீங்களே போயி அவட்டச் சொல்லுங்க. எனக்கு மூஞ்சி இல்ல" என்றாள்.

மேலப்பாளையம். ஒரு சந்து, அதற்குள் ஒரு சந்து. ரஜியா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. விரல் நிற்கவில்லை. முன்பு அந்த விரல்களில் சிவப்பு ஏறியிருக்கும். இப்போது புகையிலைக் கறை. லேப்டாப்பைத் திறந்தேன்.

"மூடுங்க. சாயம் போட்டவளுக்குத் தெரியாதா? படம் பாத்தா தெரியணும்?"

"தப்பு நடந்துபோச்சும்மா. மிஷின் அப்படிக் காட்டிட்டு."

"மிஷினா பேசிச்சு?"

மு. தலைகுனிந்தான். நான் லேப்டாப்பை மூடினேன்.

"அன்னைக்கு எங்க தெருவே கேக்கச் சொன்னியல்லா? அதே எடத்துல நின்னு, அதே சத்தத்துல சொல்லணும். மிஷின் பொய் சொல்லிட்டுன்னு சொல்லப்புடாது. நான் பொய் சொன்னேன்னு சொல்லணும்."

"நாளைக்கே சொல்லுதேன். நீ வந்து கேக்கியா?"

"ஜும்மா முடியட்டும். பாப்போம்" என்றாள். பாப்போம் என்றால் வருவாளா, மாட்டாளா? மு.வுக்கும் தெரியவில்லை.

கண்காட்சிக்காரர்கள் இரண்டு முறை போன். எடுக்கவில்லை.

ஐப்பசி 14, வெள்ளி

மழை விட்டு வெயில். சளி. மாத்திரை போடவில்லை (வாங்கவில்லை).

மு.விடம் காலையில் மாடே போதும் என்றேன். ஏன் என்று கேட்பான், யானையைப் பற்றி ஒரு இரங்கற்பா பாடலாம் என்று இருந்தேன். "சரி மாமா" என்று முன்பணம் கட்டிவிட்டான். இரண்டு சக்கரவர்த்திகளின் மகாயுத்தம் அரை நிமிஷத்தில் முடிந்தது. எந்தக் கேமரா என்றாலும் நிற்கிற இடம் நான்தானே நிற்க வேண்டும்.

ஜும்மா தொழுகை முடிந்து தெருவில் ஆள் வரத்து. மைமூன் வீட்டு வாசல், அதே படி. மேலப்பாளையம் தாண்டி அம்பை போகும் பஸ் ஒன்று வந்தது. ரஜியா இல்லை. இன்னொன்று. இல்லை. மூன்றாவதில் ஒரு ஆட்டுக்குட்டியும் இரண்டு கிழவிகளும்.

அதற்குள் எதிர்வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்: "என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் படமா? செம்பு எடுத்து வைக்கச் சொல்லவா?" சிலர் சிரித்தார்கள்.

சொல்லிவிட்டேன். "ரஜியா போட்ட சாயத்துல கொறையே கிடையாது. நான்தான் பொய் சொன்னேன். எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நடிச்சிச் சொன்னேன்." அதே சத்தம்தான். மலை இடிந்திருக்க வேண்டும், ஆறு திசை மாறியிருக்க வேண்டும். ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "அதான் ஒரு வருசம் ஆச்சே, இப்ப எதுக்கு?" என்று போனார். மற்றவர்களும் போனார்கள்.

அவள் சாயத்தை அழிக்கத் தெரு கூடி நின்றது. திருப்பித் தர நிற்கவில்லை.

மைமூன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நாலாவது பஸ்ஸையும் பார்த்தாள். பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு வந்தாள். மறுபடி ரோட்டைப் பார்த்தாள்.

"அவ வரமாட்டா அண்ணாச்சி. ஏன் வரணும்? நாந்தான போயிருக்கணும். நீங்க சொன்னியன்னு அவள வெரட்டுனேன், இப்ப கூப்புடவும் ஒங்களையே அனுப்புனேன்."

உள்ளே போனாள். மணப்பாயை மடித்து ஒரு பையில் திணித்தாள். கதவைப் பூட்டினாள். "அம்பைலருந்து மேலப்பாளையம் போற பஸ் எத்தன மணிக்கு?"

மு. கார்ச் சாவியை எடுத்தான்.

பின் சீட்டில் யானையும் மாடும் பெட்டியோடு. அவள் உட்கார இடமில்லை. இரண்டையும் தூக்கி முன்னால் என் மடியில் வைத்துக்கொண்டேன். மேலப்பாளையம் வருவதற்குள் கால் மரத்துவிட்டது.

சந்து முனையில் அவள் இறங்கினாள். நானும் கதவைத் திறந்தேன்.

"நீங்க இங்கன இருங்க" என்றாள்.