இறால் மேல் விழுந்த பழி

டிசம்பர் 14, ஞாயிறு

கிறிஸ்துமஸ் ஐஸ்கிரீமுக்குப் பழங்களை ஊறப்போட்டாயிற்று. சுல்தானா திராட்சை, அத்தி, செர்ரி, ஆரஞ்சுத் தோல். ஒரு கோப்பை பிராந்தி போதும். கை கொஞ்சம் தாராளமாகவே ஊற்றியது. ட்ரெவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "பழத்துக்கா, உனக்கா?" என்றான். கட்டிய புருஷன் கேட்கிற கேள்வியா இது!

கிறிஸ்துமஸ் விருந்து வழக்கம்போல மாமனார் மெர்வ் வீட்டில். ஆளுக்கொரு பண்டம். ஐஸ்கிரீம் என் பொறுப்பு, கல்யாணமான வருடத்திலிருந்தே. எங்கள் நாட்டில் டிசம்பர்தான் நடுக்கோடை, இந்த வெயிலில் சுடச்சுட புட்டிங்கை யார் தின்பார்கள்? இறால், ட்ரெவரின் தம்பி டாரில் பொறுப்பு. சர்க்கரை ஆலை மூடியபிறகு வீட்டில் முடங்கிக் கிடந்தவன், இந்த ஜூலைக் குளிர்காலத்தில்தான் ஒரு டிரெய்லர் வண்டி வாங்கி நெடுஞ்சாலை ஓரம் இறால் விற்கிறான். "கிறிஸ்துமஸ், நியூ இயர் ரெண்டும் நல்லா ஓடினாத்தான் வருஷம் ஓடும் அக்கா" என்றாள் அவன் மனைவி க்ளெண்டா.

டிசம்பர் 22

ஐஸ்கிரீமுக்குப் பாலும் முட்டையும் சேர்த்துக் கஸ்டர்ட் காய்ச்சினேன். சிறு தீயில், அடுப்பை விட்டு நகராமல். மரக்கரண்டியின் முதுகில் படிந்து நின்றது. ஆறியதும் கிரீமும் பழமும் கலந்து, புட்டிங் கிண்ணத்தில் ஊற்றி உறைபெட்டியில் வைத்துவிட்டேன். திரியாமல் வந்துவிட்டது, அதுவே பெரிய விஷயம்.

டிசம்பர் 24

நேற்று சாயங்காலம் புயல். மின்சாரம் போனது போனதுதான். இன்று பிற்பகல் மூன்றுக்குத்தான் வந்தது. திறந்து பார்த்தால் ஐஸ்கிரீம் இல்லை, ரசம். பழமெல்லாம் அடியில். கை வைத்தேன், வெதுவெதுப்பு.

கொட்டியிருக்க வேண்டும். திரும்பச் செய்யக் கடையில் கிரீம் இல்லை, ஊரே காலி செய்துவிட்டிருந்தது. வெறுங்கையோடு போய் நிற்பதா? நானா?

பிராந்தி இருக்கிறதே, கெடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் ஊற்றி, அடித்துக் கலக்கி, மறுபடி உறைய வைத்துவிட்டேன். ட்ரெவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 25

எல்லோரும் புகழ்ந்தார்கள். மெர்வ் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். "நோலீன், இந்த வருஷம் ஒரு படி மேலம்மா." டாரிலும் க்ளெண்டாவும் இனிப்புக்கு முன்பே அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் இறாலை ஒரு கை பார்த்தேன். ஐஸ்கிரீமைத் தொடவில்லை. வயிறு நிரம்பிவிட்டது என்றேன்.

டிசம்பர் 26

எல்லோருக்கும் வாந்தி, பேதி. ட்ரெவர் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. மெர்வை விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். எண்பத்தொரு வயது. குளுக்கோஸ் ஏறுகிறது.

ட்ரெவர் முனகிக்கொண்டே சொன்ன முதல் வார்த்தை: "அந்த நாசமாப்போன இறால்!"

நான் எதுவும் சொல்லவில்லை. அதைவிட மோசம் — நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன். நான் மட்டும் நன்றாக இருந்தால் ஏன் என்று கேட்பார்களே. சீ, என்ன ஜென்மம் நான்!

டிசம்பர் 28

டாரிலுக்கும் க்ளெண்டாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் பேச்சு இன்னும் கூடிவிட்டது. "பாத்தியா, விக்கிறவனே வாயில வைக்கல" என்கிறார்கள். வைத்தான். என் எதிரில் உட்கார்ந்து உரித்து உரித்துத் தின்றான். அதையாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

டிசம்பர் 29

ஊர் பௌலிங் கிளப், புத்தாண்டு விருந்துக்குச் சொல்லியிருந்த இறால் ஆர்டரை ரத்து செய்துவிட்டதாம். டாரில் போனில் கேட்டான்: "அண்ணி, அன்னிக்கு இறால் ஏதாச்சும் வாடை அடிச்சுதா? உள்ளதைச் சொல்லுங்க. நான் விடிகாலையில படகுல இருந்து வாங்கி நேரா ஐஸ்ல போட்டேன்."

"தெரியலப்பா" என்றேன்.

தெரியலப்பா!

டிசம்பர் 30

ட்ரெவரிடம் சொல்லிவிட்டேன். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான். பிறகு, "அப்பா வீட்டுக்கு வரட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காத. டாரில் சமாளிச்சுக்குவான், அவன் எதைத்தான் சமாளிக்கல" என்றான். எனக்கு வேண்டியதைத்தான் சொன்னான். அதனால் இன்னும் எரிச்சல்.

ஜனவரி 1

நெடுஞ்சாலை வழியே போனேன். வருகிறவன் போகிறவனெல்லாம் நிறுத்துகிற நாள், டிரெய்லர் முன்னால் ஒரு கார் இல்லை. டாரில் நிழலில் உட்கார்ந்திருந்தான். கை காட்டினான். நானும் கை காட்டிவிட்டு, நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 2

விற்காத இறாலை மண்ணில் குழி வெட்டிப் புதைத்தானாம். டிரெய்லரை விற்கப் பேசுகிறானாம். மெர்வ் வீட்டுக்கு வந்துவிட்டார், மெலிந்து போய், ஆனால் சிரித்த முகம்.

இனி எதற்குக் காத்திருப்பது?

ஜனவரி 3

போனேன். டாரிலும் க்ளெண்டாவும் அவர்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மின்சாரம் போனது, உருகியது, மறுபடி உறைய வைத்தது, நான் தொடாதது, வயிற்றுவலி வந்ததாக நடித்தது.

க்ளெண்டா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

டாரில் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "தெரிஞ்சே பரிமாறினீங்களா அண்ணி?" என்றான், மெதுவாக.

"ஆமாம்."

"இங்க வந்து என்கிட்ட அழுது என்ன புண்ணியம்? ஊரு என்னையத்தான பேசுது. அடுத்த சனிக்கிழமை டிரெய்லர்கிட்ட வந்து நில்லுங்க. எல்லாரும் பாக்க என் இறாலைத் தின்னுங்க. கேக்கிறவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

ட்ரெவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஊர் சிரிக்கும்டி." சிரிக்கட்டும்.

ஜனவரி 10, சனி

டிரெய்லர் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி. மடியில் தட்டு, நிறைய இறால். வெயில் உச்சியைப் பிளந்தது. முதல் காரில் வந்தது பௌலிங் கிளப் செயலாளர் பெரில், அவள்தான் வரவேண்டுமா! கண்ணாடியை இறக்கி, "நோலீன்? நீ என்ன இங்க?" என்றாள்.

சொன்னேன். "இறால் இல்ல பெரில். என் ஐஸ்கிரீம்தான். உருகினதைத் திரும்ப உறைய வெச்சுக் குடுத்தேன். தெரிஞ்சேதான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இறங்கி அரைக் கிலோ வாங்கினாள். அரைக் கிலோதான். பெரில் வாயில் போனால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பாதிப் பேர் இறாலுக்கு, பாதிப் பேர் என்னைப் பார்க்க. ஒவ்வொரு முறையும் சொன்னேன். சொல்லச் சொல்லச் சுலபமாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. க்ளெண்டா நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

மத்தியானம் என் தட்டு காலியானது. கை கழுவ எழுந்தேன். இன்னொரு கைப்பிடி இறாலை அள்ளி என் தட்டில் போட்டாள் க்ளெண்டா. இத்தனை நாளில் முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"உக்காருங்க. மெதுவாத் தின்னுங்க. இன்னும் ஆளுங்க வருவாங்க."