அழுகண்ணி இலையைத் துடைக்கக் கூடாது

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீயும் அத்தானும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதச் சொன்னார் அம்மா. "வயித்துல இருக்கறதைத் தனியா விசாரி" என்றும் சொன்னதால் அதையும் தனியாக விசாரிக்கிறேன். அம்மாவின் வலது மணிக்கட்டு இன்னும் மாவுக்கட்டில்தான் இருக்கிறது, அடுத்த வாரம் பிரிப்பார்கள், அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், நடுவில் அவர் சொல்லாததையும் எழுதுவேன். போனில் நீ எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்கு" என்று அம்மா முடித்துவிடுகிறார். எல்லாம் நல்லா இல்லை. இப்போது கொஞ்சம் நன்றாக இருக்கிறது, ஆனால் அது வேறு மாதிரி.

உன் பிரசவத்துக்கு அம்மா வர முடியுமா முடியாதா என்பதுதான் ஒரு மாதமாக இந்த வீட்டில் ஓடிய ஒரே பேச்சு. விடுமுறையாச்சே என்று நானும் கூடவே வருவதாக இருந்தேன், பைக்குள் வைக்க வேண்டியவற்றின் பட்டியலைக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டேன். ஆனால் அம்மா ஆபீஸில் லீவு கேட்கப் போன அதே நாளில் மேலாளரின் கண்ணுக்குள் ஒரு ஈ புகுந்துவிட்டது. தொட்டி மண்ணில் பிறக்குமே, கடுகில் பாதி அளவு கறுப்பு ஈ, அதுதான். அந்த மாடியை நீ பார்த்ததில்லை. ஜன்னல் என்று எதுவும் திறக்காது, சுற்றிலும் வெறும் கண்ணாடி, உள்ளே நாற்பது பேரும் அம்மா தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளும் அறுபத்தெட்டுச் செடித் தொட்டிகளும். எல்லோரும் கணினியில் தட்டிக்கொண்டே ஒரு கையால் முகத்துக்கு முன்னால் விசிறிக்கொண்டிருப்பார்கள், வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கோ விடை கொடுப்பது போல இருக்கும். ஆள் நாள் முழுக்க உட்காரும் இடம் என்பதால் மருந்தடிக்கக் கூடாது. மேலாளர் கண்ணைத் தேய்த்துக்கொண்டே, "முதல்ல ஈ போகட்டும்மா, அப்புறம் லீவைப் பத்திப் பேசலாம். பத்தாம் தேதிக்குள்ள போகலேன்னா பிளாஸ்டிக் செடி வாங்கி வெச்சிடுவோம், நீங்க நிரந்தரமாவே லீவுல இருக்கலாம்" என்றாராம். பிளாஸ்டிக் செடி ஒன்று மாதிரிக்கென்று வந்து அட்டைப்பெட்டிக்குள் அவர் அறையிலேயே இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் நீ ஏழு செடி அனுப்பினாய். பூச்சி தின்னும் செடி என்றதும் அம்மா, "நாம செடிக்குச் சோறு போட்ட காலம் போய் அதுவே வேட்டைக்குக் கிளம்பிடுச்சா" என்றார். நூலகப் புத்தகத்தில் அழுகண்ணி என்று பெயர் போட்டிருந்தது. இலை முழுக்கச் சிவப்பு முடி, ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு துளி, பசை என்று தெரியாத ஈ தண்ணீர் என்று நினைத்து வந்து உட்கார்ந்துவிடும், பிறகு இலை மெதுவாக அதைச் சுற்றி வளையும். நீ சொன்னபடி மழைத் தண்ணீரை மட்டும் தட்டில் ஊற்றி, உரம் எதுவும் போடாமல், வெளிச்சம் படுகிற ஏழு இடங்களில் வைத்தேன். தினமும் பள்ளிக்குப் போகும் முன்னால் அம்மாவோடு ஆபீஸுக்குப் போய்ப் பார்ப்பேன். ஆறு நாள் ஆகியும் ஒரு ஈகூட ஒட்டவில்லை. துளியே இல்லை, இலை மொட்டையாக இருந்தது. அம்மா போனில் உன்னிடம், "அருமையாப் பிடிக்குது" என்றார். அது பொய், அக்கா. ஏழாம் நாள் பள்ளி அரை நாள்தான், நேராக ஆபீஸுக்குப் போனேன். அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையில் காது குடையும் பஞ்சுக்குச்சியை வைத்துக்கொண்டு அழுகண்ணியின் முடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் நான் பள்ளிக்குப் போனதும் ஏழு செடியையும் அப்படித்தான் துடைத்திருக்கிறார். உனக்குத்தான் தெரியுமே, இலை பிசுபிசுத்தால் மாவுப்பூச்சி வந்துவிட்டது என்பதுதான் அம்மாவின் தொழிலில் முதல் பாடம், பிசுக்கைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. நான் துளியைப் பற்றிப் படித்ததையெல்லாம் சொல்லித்தான் இருந்தேன், பாதியில் அவர் வேறு தொட்டியைப் பார்க்கப் போயிருக்க வேண்டும். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அவ ஆசையா அனுப்பினது சீக்கோட வந்திருக்குன்னா மனசு கஷ்டப்படுவா. மாசமா இருக்கறவகிட்ட எதுக்குன்னு நானே சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னு பார்த்தேன்" என்றார். எனக்குக் கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. இதை எழுத வேண்டாம் என்கிறார், எழுதிவிட்டேன்.

அதன்பிறகு இலைப் பக்கமே பஞ்சோடு போக மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். நான்கு நாளில் துளி மறுபடி ஊறியது, ஐந்தாம் நாள் ஈ ஒட்டத் தொடங்கியது. ஆனால் பறக்கும் ஈயைத்தான் அழுகண்ணி பிடிக்கும், ஈரமண்ணில் கிடக்கும் புழுவை அது என்ன செய்யும். அதனால் எல்லாத் தொட்டிக்கும் தண்ணீரைக் குறைத்து மேல்மண்ணைக் காயவிட்டோம், அழுகண்ணிக்கு மட்டும் தட்டில் எப்போதும் தண்ணீர். தினமும் எந்த இலையில் எத்தனை என்று நோட்டில் குறித்தேன். ஆறு செடிகளில் மூன்று, நான்கு என்றுதான் வந்தது. மேலாளரின் கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஏழாவது செடியில் இரண்டே நாளில் நாற்பத்தொன்று. அதற்கு ஒட்டினாற்போல் பெரிய ரப்பர் செடித் தொட்டி. அம்மா விரலை மண்ணுக்குள் விட்டு முகர்ந்து பார்த்தார். புளித்த பால் வாடை. யாரோ நாள் தவறாமல் டீ ஊற்றியிருக்கிறார்கள், அந்தக் கதவுக்குப் பக்கத்தில் அது யாராக இருக்கும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "சொன்னா வேலை போகும், சொல்லலேன்னாலும் போகும்" என்றார். எட்டாம் தேதிவரை அப்படியே சொல்லாமல் இருந்தோம். அன்று மேலாளர் வெளியே வந்து, "என்னம்மா, உங்க புலிச்செடி எத்தனை ஈ வேட்டையாடிச்சு" என்று சிரித்ததும் நான் நோட்டைத் திறந்து ஏழு கணக்கையும் வாசித்துவிட்டேன். அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்தது தாமதமாகத்தான். மேலாளர் ரப்பர் செடியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு மெல்லிய குரலில், "எனக்குச் சர்க்கரை இருக்கும்மா. வேண்டாம்னு சொன்னா டீ போடற அம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். அதான்" என்றார். நாற்பது பேரை அதட்டுகிறவர் ஒரு டீக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார். அன்றே அந்தத் தொட்டி மண்ணை மாற்றினோம். டீ போடும் அம்மாவிடம் என் அம்மாவே பேசினார், இப்போது சர்க்கரை இல்லாமல் வருகிறது, குடிக்கும்போது மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பத்தாம் தேதி அந்த மாடியில் யாரும் கையை விசிறவில்லை. மேலாளர் அம்மாவுக்கு இரண்டு மாதம் லீவு கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நீங்க வர்ற வரைக்கும் பொண்ணு பார்த்துக்கட்டும், நோட்டுப் போட்டுக் கணக்கெல்லாம் வெச்சிருக்குதே. வெளியாளை விட்டா மறுபடி ஈ வந்திடும். பொண்ணு இல்லேன்னா லீவு இல்ல" என்றார். பாராட்டித்தான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ரெண்டு பேரும் போனாப் போறோம், இல்லேன்னா ரெண்டு பேரும் இங்கயே கிடக்கறோம்" என்றார். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன் அக்கா, இருவரும் வர வழி இல்லை, நான் இங்கே இருந்தால்தான் அம்மாவாவது வர முடியும். மேல்வீட்டுத் தையற்காரி அத்தை என்னை அவர் வீட்டில் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். விடுமுறை முழுக்கக் காலையும் மாலையும் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருப்பேன். எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் வேண்டாம். இருபத்திரண்டாம் தேதி அம்மா மட்டும் வருகிறார். ஸ்டேஷனுக்கு அத்தானை அனுப்பு, வலது கையில் பாரம் தூக்க விடாதே.

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அம்மா மட்டும் வருகிறார்" என்ற இடம் வந்ததும் "அதை அடி" என்றார். "அடிச்சா அசிங்கமா இருக்கும்மா" என்றேன். எழுந்து போய் அடுப்படியில் ஏற்கெனவே கழுவிய டம்ளரை மறுபடி கழுவினார். திரும்பி வந்து இடது கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார், அடிக்க அல்ல, கையெழுத்துப் போட.

நேரத்துக்குச் சாப்பிட்டு, கால் வீங்கினால் உயர்த்தி வைத்துக்கொண்டு, நல்லபடியாகப் பெற்றெடுத்துத் தாயும் பிள்ளையும் நீண்ட நாள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அம்மா ஆசி சொல்கிறார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கச் சொல்லி மூன்று முறை சொல்லிவிட்டார், ஒரு முறை எழுதுகிறேன். குழந்தை பிறந்ததும் யார் சாடை என்று எனக்குத் தனியாகக் கடிதம் எழுது. காது, விரல், நெற்றி, எதையும் விடாமல் எழுது. எனக்குப் படித்துத்தான் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
உன் அம்மா
(கையெழுத்து அம்மாவுடையது, மற்றதெல்லாம் உன் தங்கை)